ஏழு மணிக்கு டீக்கடைக்கு வரவில்லை என்றால்

நான் 34 வருஷம் தபால்காரன். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே இருக்கிற கடலோரக் குடியிருப்புகள்தான் என் பீட், அதாவது தபால் கொடுக்கிற வட்டாரம். பாதி வழி மணல், அதனால் சைக்கிளை மிதித்ததைவிடத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான் அதிகம். முதியோர் பென்ஷன் அந்தக் காலத்தில் மணியார்டராக வரும். மாதத்தில் நாலைந்து நாள் அதே வேலை: கதவைத் தட்டி, பாரத்தில் கைநாட்டு வாங்கி, பணத்தை அவர்கள் கண் முன்னால் எண்ணிக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு கிளம்ப விடமாட்டார்கள். "உக்காருங்க தபால்காரரே, மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். எனக்கு இன்னும் 40 வீடு பாக்கி இருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளுக்குள் எரிச்சல்தான் வரும். பேரன் வந்து போன கதையைப் போன மாதமே கேட்டாயிற்றே, இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்திருக்கிறேன்.

பிறகு பென்ஷன் பேங்குக்கு மாறிவிட்டது. நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்று போய்விட்டது, அதை யாரும் கணக்கில் எடுத்த மாதிரி தெரியவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை கட்டாயமாக அந்தக் கதவைத் தட்டுகிற ஒரு ஆள் இருந்தான், அவனும் இல்லாமல் போனான். இது எனக்கு ரிட்டையர் ஆகிப் பல வருஷம் கழித்து, என் கதவை யாரும் தட்டாமல் போன பிறகுதான் உறைத்தது.

எனக்கு இப்போது 71 வயது. 2022 தொடக்கத்தில் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். மகன் குவைத்தில், மகள் திருப்பூரில். காரியம் முடிந்ததும் மகள் கையோடு கூட்டிப்போனாள். நாலு மாதம் இருந்தேன். மூன்றாவது மாடி. காலை எட்டு மணிக்கு மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்புவார்கள், பேத்தி ஸ்கூல் வேனில் ஏறுவாள், அதோடு சாயங்காலம் ஆறு வரைக்கும் நானும் டிவியும்தான். கீழே இறங்கினால் வாட்ச்மேன் "எந்த வீடு சார்?" என்று கேட்பார். நாலு மாதமும் கேட்டார். அவர் மேல் தப்பில்லை, ஷிஃப்டுக்கு ஒரு ஆள். என் பிள்ளைகள் என்னைத் தங்கமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் அந்த வீட்டில் இருந்த மாதிரி ஒரு தனிமையை நான் இங்கே ஒண்டியாக இருந்தபோதுகூட உணர்ந்ததில்லை. அதனால் பிள்ளைகளோடு போய் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பேன். அதுவரைக்கும் ஊர் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

திரும்பி வந்தேன். வந்த புதிதில் ஆள் வந்துகொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் அது நின்றது. அப்புறம் நானே ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டேன், அது எப்படி நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. முதலில் டீக்கடையை விட்டேன். காரணம் துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், உண்மையில் காது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எனக்குப் பிடிபடவில்லை. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரிப்பேன். இரண்டு தடவை கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்லி, "தபாலுக்கு அட்ரஸ் மாறிப்போச்சு" என்று ஒருத்தன் கிண்டல் அடித்தான். நானும் சிரித்தேன். மறுநாள் போகவில்லை.

அடுத்தது சாப்பாடு. ஒரு ஆளுக்கு எதற்கு உலை வைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டால் அங்கேதான் சரிவு ஆரம்பம். ஒரு தடவை வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓட்டினேன். தொட்டுக்கொள்ளக் கருவாடு. சுட்டால் போதும், குழம்பு வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம். ராத்திரிக்கு டீயும் ரஸ்கும். இப்படி ஆறேழு மாதம் போனதில் எடை எட்டு கிலோ இறங்கியது, பிரஷர் மட்டும் ஏறியது. கருவாட்டில் இருக்கிற உப்பு அப்படி. கடலோரத்தில் ஒண்டியாக இருக்கிற ஆம்பளைகள் பாதிப் பேருடைய சாப்பாடு இதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை.

போன் தினமும் வரும். "சாப்பிட்டீங்களாப்பா?" "ம்." "மாத்திரை போட்டீங்களா?" "ம்." "வேற ஒண்ணுமில்லையே?" "ஒண்ணுமில்லப்பா." ஒரு நிமிஷம்கூட ஆகாது. போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிடும். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளை தாயைக் காணாமல் ஏங்கினால் "பிள்ளைக்கு அம்மாவைத் தேடுது" என்பார்கள். எழுபது வயதில் எனக்கும் தேடியது. யாரை என்று கேட்டால் ஒரு ஆளைச் சுட்டிச் சொல்லத் தெரியவில்லை. ராத்திரியில் ராமேஸ்வரம் ரயில் போகிற சத்தம் ஒரு துணை மாதிரி இருக்கும். பாம்பன் பழைய பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டு, புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கிற வரைக்கும் ராமேஸ்வரத்துக்கு ரயிலே போகவில்லை, அந்தத் துணையும் குறைந்துபோனது. சிரிப்பாக இருக்கும், ஆனால் ரயில் சத்தத்துக்காக ஏங்கியிருக்கிறேன்.

இந்தச் சமயத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், வெட்கமாக இருந்தாலும். ஒருநாள் மத்தியானம் தெரியாத நம்பரில் இருந்து போன். பேங்கில் இருந்து பேசுவதாக ஒரு பையன், நல்ல தமிழ், "ஐயா, ஐயா" என்று அவ்வளவு மரியாதை. கேஒய்சி புதுப்பிக்க வேண்டும் என்றான். எனக்குத் தெரியும், இது ஏமாற்று வேலை என்று. தபால் ஆபீஸில் இருந்தவனுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிந்தும் 20 நிமிஷம் பேசினேன். ஏனென்றால் அவன் கேட்டான், "ஐயாவுக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளைங்க, ஒடம்பு எப்படி இருக்கு" என்று. அந்த ஒரு நிமிஷப் போனைத் தவிர, இரண்டு நாளாக என்னிடம் யாரும் வாய் திறந்து பேசவில்லை. ஓடிபி வந்தபோதுதான் சுதாரித்துக்கொண்டு போனை வைத்தேன். வயசானவர்கள் பணத்தை ஏமாந்தால் விவரம் தெரியாதவர்கள் என்று திட்டுகிறார்களே, பல பேருக்கு விவரம் தெரியும். பேச்சுக்கு ஏமாறுகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகளிடம் சொன்னால் திட்டுவார்களே என்று மறைத்து வைப்பதில்தான் நேரம் போகிறது.

2023 நவம்பர் மழையில் எனக்குக் காய்ச்சல். முதல் நாள் படுத்தவன் மறுநாள் எழுந்து பாத்ரூமுக்குப் போகும்போது தலை சுற்றி வாசல்படியில் சரிந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் எழுந்திருக்கத் தெம்பில்லை. போன் கட்டிலில். வெளியே மழை இரைச்சல், கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று சரியாகத் தெரியாது, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போயிருக்கும். மறுநாள் காலையில் வெளியே குரல் கேட்டது. மீன் விற்கிற அம்மா. ஒன்றுவிட்டு ஒருநாள் தலையில் அலுமினியச் சட்டியோடு இந்தத் தெருவுக்கு வருவார், நான் கால் கிலோ காரலோ சூடையோ வாங்குவேன், அவ்வளவுதான் பழக்கம். "என்னண்ணே, முந்தாநாளும் கதவு தொறக்கல, இன்னைக்கும் தொறக்கல, லைட்டு பகல்லயும் எரியுது?" என்று ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் போட்ட கூச்சலில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். நல்ல கதவு, என் மனைவி ஆசைப்பட்டுப் போட்ட பலாமரக் கதவு.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்திருக்கும்போது ஒரே யோசனை. மகன் தினமும் போன் பண்ணுகிறவன். அந்த இரண்டு நாளும் பண்ணியிருக்கிறான், நான் எடுக்கவில்லை, மழைக்கு டவர் இல்லை போல என்று நினைத்துக்கொண்டான். 4,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன் வேறு என்ன நினைக்க முடியும்? பாசம் இருந்தது, போனும் இருந்தது. இல்லாதது என்னவென்றால், இந்த நேரத்தில் இந்த ஆள் இங்கே இருக்க வேண்டுமே, ஏன் காணோம் என்று கேட்கிற ஒரு இடம். அந்த மீன்கார அம்மாவுக்கு மட்டும் அது இருந்தது, கால் கிலோ காரல் கணக்கில்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்த வேலை டீக்கடைக்குப் போய் அந்தக் கடைக்காரர் மகனிடம் ஒரு ஒப்பந்தம். இருபது வயதுப் பையன். "தம்பி, தினமும் காலையில ஏழு மணிக்குள்ள நான் வருவேன். வரலன்னா ஒரு போன் அடி. எடுக்கலன்னா ஆளை அனுப்பு. ஊருக்குப் போறதா இருந்தா முந்தின நாளே சொல்லிடுறேன்." அவன் முதலில் சிரித்தான், அப்புறம் "சரி தாத்தா" என்றான். ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்தேன். உள்பக்கத் தாழ்ப்பாளில் மேல் கொண்டியைக் கழற்றிவிட்டேன், வெளியிலிருந்து சாவி போட்டால் திறக்கிற மாதிரி. கட்டிலில் இருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி எரிகிற சின்ன லைட் இரண்டு, சுவரில் பிடிக்க ஒரு கம்பி. மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள். போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது காசில்லாத காரியம், அதற்குத்தான் ரொம்ப நாள் பழக வேண்டியிருந்தது. இதற்கு முன் மகன் கேமரா வைக்கிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். குவைத்தில் இருந்துகொண்டு நான் வேட்டி கட்டுவதை அவன் பார்த்து என்ன ஆகப்போகிறது? இது என் அபிப்பிராயம், சிலருக்குக் கேமரா நிம்மதியாக இருக்கலாம்.

டீக்கடைக்குப் போக வேண்டுமென்றால் காது கேட்க வேண்டும். பெரியாஸ்பத்திரியில் காட்டினேன். இடது காதில் அடைத்திருந்தது குறும்பி, எடுத்துவிட்டதும் பத்து நிமிஷத்தில் உலகம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷம் மனிதர்களை விட்டு விலகி இருந்ததற்குப் பாதிக் காரணம் ஒரு குறும்பி! வலது காது நிஜமாகவே மந்தம், அதற்கு மெஷின். காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், தகுதி உள்ளவர்களுக்கு அங்கே இலவசமாகக் கிடைக்கும். காது மெஷின் போட்டால் கிழவன் என்பார்கள் என்று கூச்சப்படுகிறவர்களுக்கு: மறதி நோய்க்குக் காரணமாகிறவற்றில் நாம் தடுக்கக்கூடியவை என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் 14 விஷயங்களைப் பட்டியல் போட்டது, அதில் காது மந்தமும் உண்டு, ஆள் பழக்கம் இல்லாமல் ஒதுங்கி இருப்பதும் உண்டு. எனக்கு ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது.

சாப்பாட்டுக்கு ஒரு வழி பிறந்தது, அது நானாக யோசித்ததில்லை. எதிர்வீட்டில் ஒரு அக்கா, அவரும் ஒண்டி, எனக்கு இரண்டு வயது மூத்தவர். மூட்டுவலி, கரைக்குப் போய் மீன் வாங்க முடியாது. எனக்குக் குழம்பு வைக்க வராது. ஒருநாள் அவரே, "தம்பி, மீனு நீ வாங்கியா, கொழம்பு நான் வைக்கிறேன், ஆளுக்குப் பாதி" என்றார். வாரத்தில் மூன்று நாள் இப்படி. ஊர் ஏதாவது பேசுமோ என்று எனக்குத் தயக்கம், அவர் "பேசுறவன் வந்து மீனு கழுவித் தரட்டும்" என்று முடித்துவிட்டார். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொண்டுவருகிற பெண்ணும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பார்த்துவிட்டுப் போகிறாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தருகிறார்கள். மாத்திரை பெரிசா, மாதத்துக்கு ஒரு தடவை "இந்தத் தடவை ஏன் கூடியிருக்கு, கருவாடு தின்னீங்களா?" என்று ஒருத்தி அதட்டுவது பெரிசா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பழைய மணியார்டர் நாள் ஞாபகம் வருகிறது.

போன் விஷயத்தில் மகளிடம் நேராகப் பேசினேன். சாப்பிட்டீங்களா என்று கேட்காதே, எனக்கு ஏதாவது வேலை கொடு என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. பேத்திக்குத் தமிழ் எழுத்து கோணல், ர-வும் ற-வும் குழப்பம். சரி, வாரம் ஒரு போஸ்ட் கார்டு எனக்கு எழுதச் சொல், நான் திருத்திப் பதில் போடுகிறேன் என்று ஏற்பாடு. போஸ்ட் கார்டு இன்னமும் 50 பைசாதான், எத்தனையோ மாறிவிட்டது, பதிவுத் தபாலைக்கூட 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், கார்டு விலை மட்டும் அப்படியே நிற்கிறது. முதல் கார்டில் "தாத்தா எனக்கு எழுத பிடிக்காது அம்மா சொன்னதாள் எழுதுறேன்" என்று இருந்தது. 'சொன்னதால்' என்று திருத்தி, 'எழுத'-வுக்குப் பக்கத்தில் ஒரு 'ப்' போட்டு, எனக்கும் உன் வயதில் பிடிக்காது என்று பதில் எழுதினேன். இதில் எனக்கு இன்னொரு லாபம், கார்டு வந்தால் தபால்காரப் பையன் என் வீட்டுக்கு வந்தாக வேண்டும். வந்தால் நான் விடமாட்டேன். அவன் முகத்தில் தெரிகிற எரிச்சல் எனக்கு நன்றாகவே அடையாளம் தெரிகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று சரியாகவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், நெஞ்சில் ஒரு கல் வைத்த மாதிரி பாரம், விடியும் வரைக்கும் புரள்வது. ஹார்ட் என்று நினைத்து நாலு தடவை ஈசிஜி எடுத்தேன், நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா ரத்தத்தில் தைராய்டும் பி12-ம் பார்க்கச் சொல்லிவிட்டு, "வீட்ல யாருப்பா இருக்கா? எதுலயாவது ஆசை இருக்கா, எதையாவது எதிர்பார்த்து எந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. 71 வயது ஆள் ஓபி வரிசையில் உட்கார்ந்து அழுதேன். மனநல டாக்டரிடம் அனுப்பினார், எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இதை நான் எழுதக் காரணம், தனிமை வேறு, மனச்சோர்வு வேறு. முதலாவதற்கு ஆள் வேண்டும், இரண்டாவதற்கு ஆளோடு டாக்டரும் வேண்டும். தூக்கம் போவது, பசி போவது, காரணமில்லாத உடம்புவலி, எதிலும் பிடிப்பில்லாமை, இருந்து என்ன பண்ணப்போகிறோம் என்கிற நினைப்பு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வயசானால் அப்படித்தான் என்று விடக்கூடாது. வெளியே போக முடியாதவர்கள் டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், ராத்திரியிலும் எடுக்கிறார்கள். முதியோருக்கென்றே 14567 இருக்கிறது, அது காலை எட்டில் இருந்து ராத்திரி எட்டு வரை. ஒரு தடவை சாராயத்தில் ஆறுதல் தேடிப் பார்த்தேன், மூன்று மணி விழிப்பு இரண்டு மணிக்கு வந்ததுதான் மிச்சம்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் உலகத்தில் ஆறில் ஒருவருக்குத் தனிமை பாதிப்பு இருக்கிறது, அதோடு தொடர்புடைய சாவு வருஷத்துக்கு 8,71,000-க்கு மேல் என்று இருந்தது. டீக்கடைப் பையனிடம் படித்துக் காட்டினேன். அதில் எங்களைவிட இளவட்டங்களுக்குத்தான் தனிமை அதிகம் என்றும் இருக்கிறது. "ஆமா தாத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளாஸ் கழுவப் போனான். அதற்குப் பிறகு அவனிடம் நானும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறேன்.

ஒரு விஷயத்தில் எங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கும். கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்குகிறவர்கள், அறுபதைத் தாண்டியும் போகிறார்கள். கணவன் செத்தாலும் அந்தக் கூட்டம் அவர்களை விடுவதில்லை, ஒருநாள் வரவில்லை என்றால் வீட்டு வாசலில் நாலு பேர் நின்று சத்தம் போடுவார்கள். முடியாமல் போய் நின்ற பிறகுதான் அவர்களும் எங்களைப் போல ஆகிறார்கள். ஆம்பளைகளுக்கு வேலைதான் சிநேகிதம். வேலை போனால் எல்லாம் போச்சு. எனக்கு நல்ல காலம் என்றால் ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரைக்கும், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் எல்லாம் கரையில் இருப்பார்கள், மரத்தடியில் வலை பின்னிக்கொண்டு. நிவாரணப் பாரம், பேங்க் பாரம் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஜூன் 15 காலையில் கரை காலியாகும்போது வயிற்றைப் பிசையும்.

ஊர் முதியவர்களை எல்லாம் சேர்த்துச் சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடலாம் என்று நானும் இன்னொருத்தரும் ஆரம்பித்தோம். முதல் வாரம் 19 பேர். இரண்டாவது வாரம் தலைவர் யார் என்று பேச்சு வந்தது. மூன்றாவது வாரம் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தது. நாலாவது வாரம் நாங்கள் இரண்டு பேர்தான், அவர் சாவியை வைத்திருந்ததால் வந்தார்.

அப்போதுதான் என் பழைய பீட் ஞாபகத்துக்கு வந்தது. கூட்டத்துக்கு ஆளைக் கூப்பிடுவதைவிட நாமே கதவைத் தட்டினால் என்ன? செவ்வாய், வெள்ளி, காலை ஒன்பது மணி. ஆறு வீடு. ஆறும் ஒண்டியாக இருக்கிறவர்கள். தபால் கிடையாது, வெறும் ஆள் மட்டும். ஒன்றரை வருஷமாகப் போகிறேன், சில நுணுக்கம் பிடிபட்டிருக்கிறது. "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "இருக்கேன்" என்பதுதான் பதில், செத்துக்கொண்டிருந்தாலும் அதுதான். அதனால் எதையாவது கேட்டு வாங்குவேன். "ஆச்சி, ரெண்டு வெங்காயம் இருக்கா?" "மாமா, இந்தக் கயித்துல முடிச்சு நிக்க மாட்டேங்குது, எப்படிப் போடுறது?" கொடுக்கிற இடத்தில் இருக்கும்போது ஆள் முகமே வேறு. பேசிக்கொண்டே அடுப்பைப் பார்ப்பேன், இன்று எரிந்ததா என்று. மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம், கால் நகம் எப்படி இருக்கிறது. நகம் வெட்டாமல் நீண்டிருந்தால் குனிய முடியவில்லை என்று அர்த்தம், இல்லை, மனசில்லை என்று அர்த்தம்.

அந்த ஆச்சி 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் இருந்து தப்பி வந்தவர், அப்போது சின்னப் பெண். ரயிலோடு ஜனங்கள் போனதும், தண்ணீர் வடிந்த பிறகு தன் பாவாடையை வேலிமரத்தில் கண்டதும், ஒவ்வொரு செவ்வாயும் சொல்வார். எனக்கு அப்போது பத்து வயது, எங்கள் கூரையும் போனது, நானும் சொல்வேன். ஒரே கதைதான், ஆனால் ஒரு தடவை திடீரென்று, "எனக்கு மேல ஒரு அக்கா இருந்தா" என்றார். அதுவரைக்கும் நூறு தடவை கேட்டிருக்கிறேன், அக்கா வந்ததே இல்லை. திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம்.

இன்னொரு வீட்டில், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத ஏக்கத்தில், வந்து போய்க்கொண்டிருந்த ஒரு சொந்தக்காரருக்கு வீட்டையே எழுதிக் கொடுக்கக் கிளம்பினார் ஒருத்தர். எழுதியே ஆக வேண்டுமென்றால் சாகும் வரைக்கும் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள் என்று சொன்னேன். 2007-ஆம் வருஷப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-வது பிரிவு இதற்குத்தான், பார்த்துக்கொள்ளவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுப்போட்டுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனையை எழுதச் சொன்னதும் அந்தச் சொந்தக்காரர் வருவது குறைந்துவிட்டது.

ஆறு வீட்டில் ஒரு வீடு போன தையில் குறைந்தது. விசைப்படகில் டிரைவராக இருந்தவர். வெள்ளிக்கிழமை தட்டினேன், பதில் இல்லை. ராத்திரி தூக்கத்திலேயே போயிருந்தார். நான் போனதால் அவர் பிழைக்கவில்லை. மூன்று நாள் கழித்து நாற்றம் அடித்துத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

கடைசி வீடு ஒரு ரிட்டையர்ட் கிளார்க். முதல் நாள் கதவைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. "உமக்கு வேற வேலை இல்லையா? நான் சாகலை, போம்." சரி என்று வந்துவிட்டேன், ஆனால் அடுத்த செவ்வாயும் தட்டினேன். ஜன்னல் வழியாக "உயிரோடதான் இருக்கேன்" என்றார். அதுவே எனக்குப் போதும். இப்படியே எட்டு மாதம், ஜன்னல் மட்டும். வெங்காயம் கேட்டேன், இல்லை என்றார். பேப்பர் படித்துவிட்டுத் தரீங்களா என்றேன், காசு கொடுத்து வாங்கும் என்றார்.

போன மாதம் பேத்திக்குக் காது குத்து, திருப்பூர் போயிருந்தேன். டீக்கடையில் சொல்லிவிட்டேன், மற்ற நாலு வீட்டிலும் சொல்லிவிட்டேன், இவரிடம் மட்டும் என்னத்தைச் சொல்வது என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்து செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவில் திரும்பினால் மனுஷன் வாசலில் நிற்கிறார், சட்டை போட்டுக்கொண்டு.

"வெள்ளிக்கெழம ஏன் வரலை?"

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வாயைத் திறப்பதற்குள் கையில் ஒரு தாளை நீட்டினார்.

"கரண்ட் பில்லு. உம்மகிட்ட குடுத்துவிடலாம்னு எடுத்து வெச்சிருந்தேன். கடைசித் தேதி சனிக்கெழமையோட போச்சு. அபராதம் நீர்தான் கட்டணும்."

கட்டினேன். போனிலேயே, அவர் திண்ணையில் உட்கார்ந்து. ரசீது நம்பரை இரண்டு தடவை படிக்கச் சொல்லி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.